ஈரமான மரத்தூள்

ரெண்டு வருஷம் ஒரு டயாபடீஸ் ஆராய்ச்சி லேப்ல வேலை பார்த்தேன், வேலைன்னா முக்கால்வாசி நேரம் மைக்ரோஸ்கோப்புக்கு கீழ குனிஞ்சு சுண்டெலி கணையத்துல இருந்து ஐலெட் பொறுக்குறதுதான். இன்சுலின் சுரக்குற செல்லுங்க கும்பலா இருக்குமே, அதுதான் ஐலெட். கணையத்துல கொலாஜினேஸ்னு சதைய கரைக்கிற ஒரு நொதிய ஏத்தி 37 டிகிரில வச்சா சுத்தி இருக்க சதை கரைஞ்சு ஐலெட் முழுசா வரும், 1967ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல பால் லேசின்னு ஒரு ஆராய்ச்சியாளர் எலியில செஞ்சு காட்டின வழி இது. இத சுகர் வந்த இன்னொரு சுண்டெலிக்கு மாத்தி வைப்போம், ஒண்ணுக்கு வைக்க 300 ஐலெட்டாவது தேவைப்படும், அதுக்கு ரெண்டு மூணு எலி உயிரு போகும், அதனால ஒண்ணு கூட தவற விடக்கூடாதுன்னு கழுத்து வலிக்க வலிக்க பொறுக்குவேன்.

வாங்கிக்கிற எலிக்கு முன்னாடியே ஸ்ட்ரெப்டோசோடோசின்னு ஒரு மருந்த ஊசி போட்டு, இன்சுலின் சுரக்குற அதோட பீட்டா செல்ல அழிச்சிருப்போம். சுகர் 400க்கு மேல போயிரும், தண்ணி குடிச்சுகிட்டே இருக்கும், கூண்டுல போட்ட மரத்தூள் ஒரே நாள்ல சொதசொதன்னு ஆயிடும். ஐலெட்ட அதோட கிட்னி மேல இருக்க மெல்லிசு தோலுக்கு அடியில வச்சு தைச்சுட்டா சில நாள்ல மரத்தூள் காய ஆரம்பிக்கும், வால்ல ரத்தம் எடுத்து மீட்டர்ல பாக்குறதுக்கு முன்னாடி என் கைக்கு தெரிஞ்சிரும். அந்த சந்தோஷத்த எப்படி சொல்றதுன்னு தெரியல.

தலைமுறை தலைமுறையா சொந்தத்துக்குள்ளயே இணை சேர்த்து வளர்த்த ஒரே வகை எலிங்க ரெட்டைப்பிள்ளைங்க மாதிரி, அதுங்களுக்குள்ள மாத்தினா மாசக்கணக்கா நிக்கும். அப்புறம் அந்த கிட்னியவே எடுத்துப் பாப்போம், சுகர் திரும்ப ஏறினாதான் இவ்வளவு நாளும் நாம வச்ச ஐலெட்தான் வேலை செஞ்சுதுன்னு உறுதி. எனக்கு ரொம்ப கஷ்டமான நாள் அது.

ஆனா வெள்ளை எலியோடத எடுத்து சொந்தமே இல்லாத கறுப்பு எலிக்கு வச்சா ரெண்டு மூணு வாரத்துல முடிஞ்சிரும், உடம்பு அந்நியன்னு கண்டுபிடிச்சு அழிச்சிரும். இதுக்கு 1979ல லேசி குழுவே ஒரு வழி பாத்தாங்க, எலி ஐலெட்ட 24 டிகிரில ஒரு வாரம் வளர்த்து, வைக்கும்போது ஒரே ஒரு தடவ ரத்த வெள்ளணுக்கு எதிரான சீரம் போட்டாங்க, ஐலெட் ரொம்ப நாள் தாங்குச்சு. ஐலெட்டோட ஒட்டிகிட்டு வர்ற வெள்ளணுதான் பெரும்பாலும் சண்டைய கிளப்புது, அது அந்த ஒரு வாரத்துல செத்துரும்னு விளக்கம். இத படிச்சதும் ராத்திரி தூக்கமே வரல எனக்கு. மனுஷங்களுக்கு இவ்வளவு சுலபமா அமையல, 2000ல கனடாவுல எட்மன்டன்ல ஐலெட் வச்சுகிட்ட 7 பேரு இன்சுலின் ஊசிய விட்டாங்க, ஆனா எதிர்ப்புசக்திய அடக்குற மாத்திரைய விட முடியல.

கடைசி பேட்ச்ல ஒரு கறுப்பு எலி 16 நாள் தாங்குச்சு. 17வது நாள் காலையில கூண்டுக்குள்ள கைய விட்டேன், ஈரம். நோட்டுல தேதி எழுதிட்டு, புது மரத்தூள் ரெண்டு பிடி அதிகமா போட்டு, தண்ணி பாட்டில நிறைச்சு வச்சேன்.