மேடையில் சொன்ன மன்னிப்பும் மேசையில் கிடக்கும் மனுவும்

தேர்தல் மேடையில் ஒரு வேட்பாளர் "இவர்களை விடுவிப்பேன்" என்று சொன்னதும், அமெரிக்காவில் கருணை மனு வேலை பார்க்கிறவர்கள் ஒன்றைத்தான் கவனிப்பார்கள். இது ஒரே கையெழுத்தில் முடிகிற வாக்குறுதியா, ஒவ்வொரு வழக்குக் கட்டாகப் பிரித்துப் படிக்க வேண்டிய வாக்குறுதியா?

ஜிம்மி கார்ட்டர் கொடுத்தது முதல் வகை. வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பைத் தவிர்த்தவர்களை மன்னிப்பேன் என்று 1976 பிரசாரத்தில் சொன்னார். பதவியேற்ற மறுநாள், 1977 ஜனவரி 21 அன்று, பிரகடனத்தில் கையெழுத்திட்டார். சட்டத்தின் பெயரும், 1964 ஆகஸ்ட் 4 முதல் 1973 மார்ச் 28 வரை என்ற காலமும் போதுமானதாக இருந்தன. வன்முறையில் இறங்கியவர்கள் மட்டும் சேர்க்கப்படவில்லை. ராணுவத்தில் சேர்ந்த பின் ஓடிப்போனவர்களுக்கும் அது பொருந்தவில்லை.

ஒபாமா காலத்துத் திட்டம் இரண்டாம் வகை. எங்கள் வேலையின் கஷ்டமெல்லாம் அதில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பழைய ஃபெடரல் (மத்திய அரசு) சட்டப்படி 5 கிராம் கிராக் கொக்கைன் (அதே போதைப்பொருளின் புகைக்கும் கட்டி வடிவம்) வைத்திருந்தவருக்கும் 500 கிராம் பவுடர் கொக்கைன் விற்றவருக்கும் ஒரே தண்டனை: குறைந்தது ஐந்து ஆண்டு. அநியாயம் என்று ஒபாமா 2008 பிரசாரத்திலேயே பேசினார். 2010-ல் வந்த புதிய சட்டம் அந்த 5 கிராமை 28 கிராமாக உயர்த்தியது. ஆனால் ஏற்கெனவே தண்டனை பெற்று உள்ளே இருந்தவர்களுக்கு 2018 வரை அது பொருந்தவில்லை. அவர்களில் பலருக்கு மிஞ்சிய வழி ஜனாதிபதியின் கையெழுத்து மட்டும்.

2014 ஏப்ரலில் நீதித்துறை, தண்டனைக் குறைப்பு கேட்பவர்களுக்கான நிபந்தனைகளை அறிவித்தது. அப்போதிருந்த சட்டப்படி தீர்ப்பு வந்திருந்தால் தண்டனை கணிசமாகக் குறைவாக இருந்திருக்க வேண்டும். பத்து ஆண்டாவது சிறையில் கழிந்திருக்க வேண்டும். வன்முறை இல்லாத, கீழ்நிலைக் குற்றவாளியாக இருக்க வேண்டும். பெரிய கும்பல்களோடு தொடர்பு கூடாது. குறிப்பிடத்தக்க பழைய வழக்கு கூடாது. சிறையில் நடத்தை சரியாக இருக்க வேண்டும். 36,000-க்கும் மேற்பட்ட கைதிகள் உதவி கேட்டுப் படிவம் நிரப்பினார்கள். படித்துப் பார்க்கத் தன்னார்வ வழக்கறிஞர்களைத் திரட்ட வேண்டியிருந்தது.

இந்த நிபந்தனைகளைச் சரிபார்க்க ஒரு ஆவணம் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. தீர்ப்புக்கு முன் நன்னடத்தை அதிகாரி நீதிபதிக்குத் தயாரித்துக் கொடுக்கும் அறிக்கை அது. எத்தனை கிராம், துப்பாக்கி இருந்ததா, கும்பலில் அவர் இடம் என்ன, தண்டனையைக் கணக்கிடப் பழைய வழக்குகளுக்கு எத்தனை புள்ளி, எல்லாம் அதில்தான் இருக்கும். அதன் நகலைக் கைதி தன் அறையில் வைத்திருக்க ஃபெடரல் சிறை விதி அனுமதிப்பதில்லை. போலீசுக்கு ஒத்துழைத்தவர் யார் என்று மற்ற கைதிகள் அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. விதி நியாயமானதுதான். ஆனால் தன் வழக்கைப் பற்றிய முக்கியக் காகிதம் கையில் இல்லாமலே ஒருவர் மனு எழுதுகிறார். நினைவிலிருந்து எழுதும் கிராம் கணக்கு அறிக்கையோடு ஒத்துப்போகாவிட்டால், பொய் சொல்கிறார் என்று படிக்கிறவருக்குத் தோன்றிவிடும்.

மனு போகும் பாதையும் நீளம். முதலில் நீதித்துறைக்குள்ளேயே இருக்கும் மன்னிப்பு அலுவலகம். அங்கிருந்து, வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்திடமும் பல நேரம் நீதிபதியிடமும் கருத்துக் கேட்பார்கள். பரிந்துரை தயாரானதும் துணை அட்டர்னி ஜெனரலிடம் போகும். பிறகு வெள்ளை மாளிகை சட்ட ஆலோசகர். கடைசியில்தான் ஜனாதிபதி. உள்ளே தள்ளியவர்களிடமே வெளியே விடலாமா என்று கேட்கும் ஏற்பாடு இது. வாக்குறுதிகள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. அந்த அலுவலகத்தின் தலைவர் டெபோரா லெஃப் 2016 ஜனவரியில் விலகினார். ஆள் போதவில்லை, வெள்ளை மாளிகை சட்ட ஆலோசகரை அணுகவும் வழியில்லை என்று தன் கடிதத்தில் எழுதியிருந்தார்.

ஒபாமா மொத்தம் 1,715 பேரின் தண்டனையைக் குறைத்தார். பெரும்பகுதி கடைசி ஓராண்டில் வந்தது. 2017 ஜனவரி 19 என்ற ஒரே நாளில் மட்டும் 330. முதல் ஆண்டிலேயே ஆட்களைப் போட்டுக் கட்டுகளைப் பிரித்திருந்தால் இன்னும் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் பதைக்கிறது.

கஞ்சா பயன்படுத்தியதற்காக யாரும் சிறையில் இருக்கக் கூடாது என்றார் பைடன். 2022 அக்டோபர் 6 அன்று, கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும் மன்னிப்பு அறிவித்தார். சுமார் 6,500 பேருக்குப் பொருந்தும் என்று வெள்ளை மாளிகை கணக்குச் சொன்னது. ஆனால் அந்தக் குற்றத்துக்காக மட்டும் ஃபெடரல் சிறையில் அப்போது ஒருவரும் இல்லை. கஞ்சா விற்ற வழக்கில் நீண்ட தண்டனை அனுபவித்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள். மாநில நீதிமன்றத் தண்டனைகளைத் தொட ஜனாதிபதிக்கு அதிகாரமே இல்லை. அறிவிப்பைக் கேட்டுவிட்டு "எங்கள் பையன் எப்போது வருவான்?" என்று கேட்கும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்குவது இந்த வேலையின் மிக வலிக்கும் பகுதி. ஃபெடரல் மரண தண்டனையை ஒழிப்பேன் என்ற அவரது வாக்குறுதிக்கு நாடாளுமன்றம் வேண்டும். அவர் கைக்கு எட்டியது, 2024 டிசம்பர் 23 அன்று, 40 பேரில் 37 பேருக்கு அதை ஆயுள் தண்டனையாக மாற்றியது மட்டும்.

டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அன்றே, நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதல் வழக்குகளில் சுமார் 1,500 பேரை மன்னித்தார். 14 பேருக்குத் தண்டனையைக் குறைத்தார். வன்முறையில் ஈடுபட்டவர்களுக்கு மன்னிப்புத் தகாது என்று சில நாள் முன்புதான் அவருடைய துணை ஜனாதிபதியாகப் பதவியேற்கவிருந்த வான்ஸ் சொல்லியிருந்தார். போலீசாரைத் தாக்கியவர்களும் அந்தப் பட்டியலில் விடுதலையானார்கள். பிரசாரத்தில் சொன்னபடி டிரம்ப் செய்தார் என்பது உண்மை. தனித்தனியாகப் படிக்க வேண்டிய கட்டுகளை மொத்தமாகக் கையெழுத்திட்டது தவறு. அதே நேரத்தில், எல்லாக் காகிதமும் சரியாக வைத்துப் பல ஆண்டுகளாகக் காத்திருந்தவர்களின் மனுக்கள் அலுவலகத்தில் அப்படியே கிடந்தன.

ஆட்சி மாறும் ஜனவரியில் குடும்பங்கள் பதற்றத்தோடு கேட்பார்கள், மனு செத்துவிட்டதா என்று. இல்லை. நிராகரிக்கப்படாத மனு அடுத்த ஜனாதிபதியின் காலத்திலும் நிலுவையில் இருக்கும். மறுக்கப்பட்டால் தண்டனைக் குறைப்புக்கு ஓராண்டு கழித்து மறுபடி மனுப் போடலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கைதியின் பதிவு எண்ணை மேலே எழுதி, மனுவுக்குப் பின் முடித்த படிப்பு, கற்ற தொழில், வெளியே வந்தால் தங்கப்போகும் முகவரி, வேலை தருவதாகச் சொன்னவரின் கடிதம் ஆகியவற்றை இணைத்து ஒரு பக்கத்தில் மன்னிப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வழக்கே பொய் என்று அதில் வாதாட வேண்டாம். அது மேல்முறையீட்டில் பேச வேண்டியது. சிறைக்குள் வாங்கிய ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருந்தால் மறைக்காமல் தேதியோடு எழுதிவிடுங்கள். அவர்கள் எப்படியும் சிறைப் பதிவேட்டை வரவழைத்துப் பார்ப்பார்கள்.