பைபிளுக்குள் இருந்த வம்சாவளி

என் மாமியார் வீடு வட வேல்ஸில், டென்பி பக்கம். குடும்பப் பெயர் பாரி. 'ஆப் ஹாரி', அதாவது ஹாரியின் மகன், என்பதுதான் ஒட்டிப்போய் பாரி ஆகியிருக்கிறது. வீட்டு பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளில் எட்னவெட் வக்கன் தொடங்கி வம்சாவளி எழுதியிருந்தது. லெவெலின் மன்னரின் தலைமை அதிகாரியாக இருந்து 1246-இல் இறந்தவர் அவர். பின்னாளில் இங்கிலாந்தை ஆண்ட டியூடர் அரசர்களுக்கே மூதாதை. "இது நிஜம்தானா, பார்த்துச் சொல்லேன்" என்றார் மாமியார்.

கீழிருந்து ஏறினேன். 1858-க்கு முந்திய வேல்ஸ் உயில்களை அபெரிஸ்ட்வித்தில் உள்ள தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதையும் தேவாலயப் பதிவேடுகளையும் பிடித்துக்கொண்டு 1590 வரை போய்விட்டேன். அதற்கு மேல்தான் சிக்கல். எட்னவெட்டுக்கும் 1590-இல் உயில் எழுதியவருக்கும் நடுவில் தாளில் ஐந்தே பெயர்கள். கிட்டத்தட்ட 340 வருஷத்துக்கு ஒன்பது பத்துப் பேராவது வேண்டாமா?

அப்புறம் பீட்டர் பார்ட்ரமின் தொகுப்பை எடுத்தேன். வானிலை ஆய்வாளராக இருந்த மனிதர், பழைய சுவடிகளை ஒப்பிட்டு 1400 வரையிலான வம்சாவளிகளை 8 தொகுதிகளாக 1974-இல் வெளியிட்டார். ஒவ்வொரு தலைமுறைக்கும் எண் போட்டிருக்கிறார். நம் ஆள் எங்கே பொருந்துகிறார் என்று பார்க்க அந்த எண்தான் கைகொடுத்தது.

வழி காட்டியது பெண்கள். வேல்ஸ் வம்சாவளியில் மனைவி பெயரோடு 'வெர்ஹ்', அதாவது இன்னாரின் மகள், என்று அவள் தகப்பன் பெயரும் வரும். எங்கள் தாளில் மூன்றாவதாக இருந்த யெயனின் மாமனாரை பார்ட்ரமில் தேடிப் பிடித்தேன். அவர் காலத்தை வைத்துப் பார்த்தால் யெயன் இரண்டு தலைமுறை கீழே இறங்க வேண்டியிருந்தது. ஒரு சுவடியில் 'யெயன் வக்கன் ஆப் யெயன்' என்று கண்டதும் புரிந்தது. வக்கன் என்றால் சின்னவன். அப்பனும் மகனும் ஒரே பெயர் என்பதால், படியெடுத்தவர் இருவரையும் ஒருவராக்கிவிட்டார்.

ஒரு பெயர் கிடைத்தது, மற்றவை கிடைக்கவில்லை. 1586 முதல் ஊர் ஊராகப் போய் வம்சாவளி எழுதிய லூயிஸ் டன் போன்றவர்களும் மேல்வரிசைக்குக் குடும்பத்தார் சொன்னதையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது.

மாமியாரிடம் புதுத் தாளைக் கொடுத்தேன். 1590 வரை முழுக்கோடு, அதற்கு மேல் புள்ளிக்கோடு. விரலால் தடவிப் பார்த்து, "இந்தப் புள்ளிகளை விட்டுவிடாதே" என்றார். இப்போது 1334-இல் எடுத்த டென்பி நில அளவைப் பதிவைப் படிக்கிறேன். குடியானவர்களை அதில் பங்காளிக் கூட்டமாகவே எழுதியிருக்கிறார்கள்.