எஃகு சைக்கிளும் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் டயரும்

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவான்மியூரிலிருந்து கிளம்பி மாமல்லபுரம் வரை போய்த் திரும்பும் எங்கள் சிறு குழு, வரும் வழியில் கோவளத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் இறங்குவது வழக்கம். சைக்கிள்களைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தால், முதல் டம்ளர் தீர்வதற்குள் பேச்சு எப்படியும் ஃபிரேமுக்கும் டயருக்கும் வந்துவிடும். கடந்த ஓராண்டில் அந்தப் பேச்சில் பாதி என்னைச் சுற்றியே நடந்தது. ஒன்பது ஆண்டுகளாக ஓட்டிய அலுமினிய ரேஸ் சைக்கிளை விட்டுவிட்டு, எஃகு ஃபிரேமும் அகலமான டயரும் கொண்ட, உடம்பை வாட்டாத ஒரு வண்டியைத் தேடிக்கொண்டிருந்தவன் நான்தான்.

தேடத் தொடங்கியதற்குக் காரணம் என் இரண்டு சுண்டுவிரல்கள். 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய, பிரெவே எனப்படும் நெடுந்தூரப் பயணம் ஒன்றை முடித்துவிட்டு வந்த இரவில், சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாத அளவுக்கு அவை மரத்துப் போயிருந்தன. மூன்று நாள் கழித்துத்தான் உணர்வு திரும்பியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயணத்துக்குத் தேவையான சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ. கூட இல்லை. அதற்குப் போய், 23 மி.மீ. டயரில் 110 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்றை அடைத்துக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்து ஓட்டிய என் அறிவை என்னவென்று சொல்வது?

எங்கள் குழுவில் மூத்தவர், ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளர். "ஸ்டீல் வாங்குங்க சார், அதிர்ச்சியை அதுவே வாங்கிக்கும்" என்று முதலில் தீர்ப்பு எழுதியவர் அவர்தான். நானும் அதை அப்படியே நம்பினேன். ஆனால் அவரே ஒருநாள் காகித உறை ஒன்றின் பின்புறத்தில் ஃபிரேமை வரைந்து காட்டியபோது அவருடைய தீர்ப்பு அவர் கையாலேயே பாதி அழிந்துபோனது. சைக்கிள் ஃபிரேம் என்பது இரண்டு முக்கோணங்கள். முக்கோணம் மேலிருந்து கீழாக அழுத்தினால் எளிதில் வளைந்துகொடுக்காத வடிவம். எந்த உலோகத்தில் செய்தாலும் சீட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் அது ஒரு மில்லிமீட்டர் வளைந்தால் அதிகம். போதாக்குறைக்கு, ஒரே அளவுள்ள குழாய்களை எடுத்துக்கொண்டால் எஃகு அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது. குழாய்கள் மெலிதாக இருப்பதாலும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் நுனி வளைவு சற்றே அசைந்துகொடுப்பதாலும் நல்ல எஃகு வண்டிக்கு ஒரு துள்ளல் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குழியில் இறங்கும்போது உடம்பைக் காப்பாற்றுவது அந்தத் துள்ளல் அன்று. டயருக்குள் இருக்கும் காற்றுதான்.

காற்றின் கணக்கு எளிது. பின்சக்கரத்தின் மீது 50 கிலோ எடை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ. ஆகவே டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். அதையே 42 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தால் பரப்பு 17 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். குறுகிய டயரில் அவ்வளவு குறைவாகக் காற்று வைத்தால் முதல் குழியிலேயே ரிம் தரையில் இடித்து, ட்யூபில் பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும். அகல டயரில் உயரமும் அதிகம் என்பதால் அமுங்குவதற்கு இடம் இருக்கிறது. அகல டயரை மாட்டிக்கொண்டு, பழைய பழக்கத்தில் 80 பி.எஸ்.ஐ. அடிப்பவர்கள் "ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே" என்று குறைப்படுவதையும் பார்த்திருக்கிறேன். அதே அழுத்தத்தில் அகல டயர் குறுகிய டயரைவிட விறைப்பாகத்தான் இருக்கும். அகலம் தரும் வசதியே காற்றைக் குறைத்துக்கொள்ளும் உரிமைதான்.

எங்கள் தெருப் பஞ்சர் கடைக்காரருக்கு இது பிடிபடவே இல்லை. கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்து, கல் மாதிரி இருந்தால்தான் காற்று நிறைந்தது என்பது அவருடைய அளவுகோல். கறுப்பு சைக்கிளின் ரப்பர் வால்வில் மானி வைத்து அழுத்தம் பார்ப்பதும் எளிதன்று. கட்டைவிரல் அளவுகோல் நிலைத்துவிட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் மானி பொருத்திய கால்பம்பு ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

நண்பர் ஒருவரின் 42 மி.மீ. டயர் வண்டியை இரவல் வாங்கி, கேளம்பாக்கம் பக்கம் வேகத்தடைக்கு முன்னால் வெள்ளைத் தடிப்புகளாகப் போட்டிருக்கும் ஓரிடத்தில் ஒரு காலை முழுவதும் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன். 65 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி ஐந்தைந்தாகக் குறைத்தேன். 55 வரை பற்கள் தந்தியடித்தன. 45-க்கு வந்தபோது தடிப்புகள் ஓசையாக மட்டும் கேட்டன. 30-இல் வளைவுகளில் பின்சக்கரம் தள்ளாடியது. ஏறி மிதிக்கும்போது சேற்றில் மிதிப்பது போலிருந்தது. பிறகு, சீட்டில் ஆள் உட்காரும்போது டயர் தன் உயரத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு அமுங்க வேண்டும் என்று ஃபிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்கர் சொன்ன பழைய விதியைச் சோதித்தோம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார, பொறியாளர் குத்துக்காலிட்டு ரிம்முக்கும் தரைக்கும் இடையிலான தூரத்தை அளந்தார். பின்னால் 44, முன்னால் 37 பி.எஸ்.ஐ.யில் அமுக்கம் 6 மி.மீ. காட்டியது. உடம்பு சொன்னதும் அளவுகோல் சொன்னதும் ஒத்துப்போன அபூர்வமான தருணம் அது.

அகல டயர் வேகத்தைத் தின்றுவிடும் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. வழவழப்பான உருளையின் மேல் டயரை உருட்டிச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் காற்று கூடக்கூட இழுவை குறைவதாகத் தெரியும். ஆனால் அந்த உருளையின் மேல் மனிதன் உட்கார்ந்திருப்பதில்லை. கரடுமுரடான சாலையில் உடம்பு குலுங்கும் ஒவ்வொரு முறையும் நாம் மிதித்த சக்தியில் ஒரு பங்கு தசையில் வெப்பமாகக் கரைகிறது. டூர் டி ஃபிரான்ஸ் வீரர்களே 23 மி.மீ.யிலிருந்து 25-க்கும், அங்கிருந்து 28-க்கும் அதற்கு மேலும் நகர்ந்துவிட்டார்கள். அகலத்தைவிட முக்கியமானது டயரின் பக்கச்சுவர். மடங்கிக் கொடுக்கும் மெல்லிய பக்கச்சுவர் உள்ள 42 மி.மீ. டயர் ஓடும், தடித்த ரப்பர் பட்டையாலான 42 மி.மீ. டயர் இழுக்கும். கருவேல முள் கிடக்கும் ஏரிக்கரைப் பாதைகளில் ஓட்டுகிறவர்கள் இந்த மென்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும். நான் நடுத்தரமான ஒன்றில் நின்றுகொண்டேன்.

அப்படியானால் எஃகு எதற்கு? வசதி டயரில்தான் இருக்கிறது என்றால் அலுமினியமே போதாதா என்று குழுவில் இளையவளான தங்கை ஒருத்தி கேட்டாள். போதும்தான், அகல டயர் ஏற்கும் நல்ல அலுமினிய வண்டிகள் நிறைய உண்டு. என் காரணங்கள் வேறு. எஃகு, தாங்கும் எல்லைக்குள் எத்தனை லட்சம் முறை அசைந்தாலும் சோர்வதில்லை; அலுமினியத்துக்கு அப்படியொரு எல்லை கிடையாது. எஃகு விரிசல் விட்டால் பெரும்பாலும் முன்கூட்டியே முனகிக் காட்டும். தேனிப் பக்கம் ஒரு சிற்றூரில் கேரியர் தாங்கி முறிந்தாலும் கேஸ் வெல்டிங் தெரிந்த ஒருவர் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் விளம்பரத்தில் 'ஸ்டீல்' என்று மட்டும் போட்டிருந்தால் மயங்கக் கூடாது. சாதாரண எஃகும், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி எஃகும் விறைப்பில் ஒன்றே, வலுவில்தான் வேறு. வலு கூடுதலாக இருப்பதால் குரோமோலிக் குழாயை நடுவில் மெலிதாகவும் முனைகளில் தடிப்பாகவும் இழுக்க முடிகிறது. எடை அங்கேதான் குறைகிறது. 1935-இல் 531 என்ற புகழ்பெற்ற குழாயை வெளியிட்ட ரெனால்ட்ஸ் நிறுவனம், அப்போது இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்ததாக இருந்தது. முருகப்பா குழுமம் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது அதே குழுமத்தின் கூட்டில்தான். அம்பத்தூருக்கும் பர்மிங்ஹாமுக்கும் இப்படியொரு குழாய் உறவு இருப்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவை ஓர் ஆலன் கீயிடம், அதாவது அறுகோணத் திருகுச் சாவியிடம் தோற்றன. கடையில் நுழைந்ததும் பையிலிருந்து 6 மி.மீ. ஆலன் கீயை எடுத்து, டயருக்கும் பின்பக்கச் செயின் குழாய்க்கும் நடுவில் நுழைத்துப் பார்ப்பேன். பிறகு ஃபோர்க்கின் உச்சியில். உரசாமல் புகுந்து வெளியே வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. டயரில் அச்சிட்டிருக்கும் அகலத்தை மட்டும் நம்பக் கூடாது. ரிம் அகலமாக இருந்தால் 40 என்று போட்ட டயர் 42 ஆக விரிந்து நிற்கும். சக்கரம் சற்றே கோட்டமானால் அந்த இடைவெளியும் போய்விடும். பிரேக்கையும் பார்க்க வேண்டும். ரேஸ் வண்டியின் சிறிய காலிப்பர் பிரேக் 28 மி.மீ. அளவிலேயே கதவைச் சாத்திவிடும். 40-க்கு மேல் போக வேண்டுமானால் வி-பிரேக், கேன்டிலீவர், டிஸ்க் ஆகிய பிரேக் வகைகளுள் ஒன்று வேண்டும்.

சக்கர எண்கள் தனிக் கூத்து. கறுப்பு சைக்கிளின் 28 × 1½ அங்குல டயர் 635 மி.மீ. விட்டமுள்ள ரிம்முக்கானது. 700 என்று அழைக்கப்படும் சக்கரத்தையும் சில நாடுகளில் 28 என்றே சொல்வார்கள். அதன் ரிம் 622. நான் இந்த அறிவு வருவதற்கு முன்பு, 28 என்று எழுதியிருந்ததை மட்டும் பார்த்து ஒரு ஜோடி டயரை வாங்கி வந்து, அது ரிம்மில் வளையல்போல் தொளதொளவென்று ஆடியபோது கடைக்காரரை மனத்துக்குள் திட்டினேன். தவறு முழுக்க என்னுடையது. 26 × 1⅜ என்பது 590. மலைச் சைக்கிளின் 26 × 2.1 என்பது 559. பின்னத்தில் எழுதிய 26-உம் தசமத்தில் எழுதிய 26-உம் ஒன்றாகாது. 27.5 என்று இப்போது விற்பது, பிரெஞ்சுக்காரர்கள் வெகுகாலமாக 650பி என்று அழைத்துவந்த 584-தான். டயரின் பக்கவாட்டில் 42-622 என்பதுபோல், டயரின் அகலத்தையும் ரிம்மின் விட்டத்தையும் சொல்லும் பொடி எழுத்து எண் ஜோடி மட்டுமே பொய் சொல்லாது.

அந்தத் தங்கையின் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இரவல் வண்டியை அவள் ஓட்டிப் பார்த்தபோது, மெதுவாகத் திரும்பும் இடத்தில் செருப்பு நுனி முன்டயரில் உரசி நிலைதடுமாறினாள். சிறிய ஃபிரேமில் பெரிய சக்கரத்தைத் திணிப்பதால் வரும் கோளாறு அது. அமெரிக்காவின் சர்லி நிறுவனம் தன்னுடைய லாங் ஹால் டிரக்கர் என்ற எஃகுப் பயண வண்டியில் சிறிய அளவுகளுக்கு 26 அங்குலச் சக்கரத்தையே கொடுத்தது. அவளுக்கும் நாங்கள் அதே அளவைத்தான் பரிந்துரைத்தோம். "சின்னச் சக்கரம்னா மெதுவாப் போகுமேண்ணா" என்று தயங்கியவள், இப்போது மரக்காணம் வரை எங்களை இழுத்துக்கொண்டு போகிறாள்.

டயருக்கு அடுத்தபடி என் விரல்களைக் காப்பாற்றியது ஹேண்டில்பாரின் உயரம். பிரிட்ஜ்ஸ்டோனின் அமெரிக்கக் கிளையில் பணியாற்றிய கிராண்ட் பீட்டர்சன், 1994-இல் கலிஃபோர்னியாவின் வால்னட் கிரீக்கில் ரிவெண்டல் என்ற பெயரில் சொந்தமாகத் தொடங்கிய நாளிலிருந்து, ஹேண்டில்பார் சீட்டின் மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்று ஓயாமல் சொல்லிவருகிறார். லக் என்னும் இணைப்பு உறைகள் வைத்து இணைத்த எஃகுக் குழாய்கள், நீண்ட சக்கர இடைவெளி, பின்னோக்கி வளைந்த கைப்பிடி, அகல டயர் என்று அவருடைய வண்டிகளின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, என் தாத்தா நெல் அரைக்க மூட்டை கட்டிக்கொண்டு போன பார் வண்டிக்கு யாரோ வண்ணம் பூசிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது. தாத்தா வண்டியின் டயரும் 40 மி.மீ.தான். அதற்காக அந்த வண்டியையே தூசி தட்டி எடுத்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். இருபது கிலோ எடை, ஒரே கியர், மழையில் நனைந்த ரிம்மில் வழுக்கிக்கொண்டு போகும் கம்பி பிரேக். அதை வைத்துக்கொண்டு ஏற்காட்டிலிருந்து இறங்கத் துணிகிறவர்களை நான் வணங்குவேன், பின்தொடரமாட்டேன்.

கடைசியில் வாங்கியது, பழைய குரோமோலிப் பயண ஃபிரேம் ஒன்று; 42 மி.மீ. டயர், வி-பிரேக், சீட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே ஹேண்டில்பார். சென்னையின் உப்புக் காற்றில் எஃகு உள்ளிருந்து அரிக்கும் என்பதால், பாகங்களைப் பூட்டுவதற்கு முன் சீட் கம்பியின் துளை வழியே ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, ஃபிரேமைக் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பரவவிட்டு, ஒரு வாரம் மாடியில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். வீட்டில் அந்த வாரம் முழுவதும் பெயின்ட் கடை வாசம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் மட்கார்டு மாட்டியபோதுதான் ஆலன் கீ பரீட்சையில் நான் ஒன்றை மறந்திருந்தது புலப்பட்டது. மட்கார்டு வந்ததும் ஃபோர்க்கின் உச்சியில் 4 மி.மீ.தான் மிஞ்சியது, திருக்கழுக்குன்றம் சாலையில் தோண்டிப் போட்டிருந்த களிமண் அந்த இடத்தில் அப்பிக்கொண்டு முன்சக்கரத்தை நிறுத்தியே விட்டது. ஒரு குச்சியால் கிளறிக்கொண்டு சாலையோரம் நின்ற என்னைப் பார்த்துப் பொறியாளர் சிரிக்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு சின்ன அளவுகோலை எடுத்து நீட்டினார். மழைக்காலத்துக்கு 38 மி.மீ. டயர், தை பிறந்ததும் மட்கார்டைக் கழற்றிவிட்டு மறுபடி 42 என்று அங்கேயே நின்று முடிவு செய்தோம்.