காந்தி ஜெயந்தியன்று பட்டாளத்தில் சேர்ந்தவன்

நான் ராணுவத்தில் சேர்ந்த நாள் 1987 பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட நாள் 2011 பிப்ரவரி 28. கூட்டிக் கழித்தால் 24 ஆண்டும் சில நாட்களும். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து ஒரு கணக்கு அலுவலகத்திலிருந்து வந்த கடிதமோ, நான் சேர்ந்தது 1987 அக்டோபர் 2 என்றது. "24 ஆண்டுப் பணி நிறைவடையாத நிலையில் மூன்றாவது எம்ஏசிபி வழங்கப்பட்டுள்ளது, மிகையாகப் பெற்ற தொகையைப் பிடித்தம் செய்வது பரிசீலனையில் உள்ளது" என்பது அதன் சாரம்.

ராணுவத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு எம்ஏசிபி பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேலே இடம் காலியாகாமல் ஒரே பதவியில் தேங்கிவிடுகிறவர்களுக்காக ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் வந்த ஏற்பாடு அது. படைவீரர்களுக்கு 8, 16, 24 ஆண்டுகளில் அடுத்த நிலையின் ஊதியம் கிடைக்கும். கையில் பட்டை கூடாது, சம்பளம் மட்டும் கூடும். ஹவில்தாரான எனக்கு 24 ஆண்டு முடிந்த அன்று நாயப் சுபேதார் நிலை ஊதியம் வந்தது. அன்றைய தர ஊதியத்தில் அது 2,800 ரூபாயிலிருந்து 4,200 ரூபாய்க்கு ஏறுவது. ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை ஒட்டி நிற்பதால், அந்த ஒரு தேதி சரிந்தால் மாதாமாதம் வருவதும் சரியும், பின்னாளில் என் மனைவிக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியமும் சரியும்.

எண்களைப் பார்த்த உடனேயே பிழை எப்படிப் பிறந்தது என்று புரிந்துவிட்டது. 10-02-1987 என்பதை யாரோ அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் வைத்துப் படித்திருக்கிறார்கள். பத்தாம் மாதம் இரண்டாம் தேதி ஆகிவிட்டது. காந்தி பிறந்த நாளன்று, நாடே விடுமுறையில் இருக்கும்போது, ஆட்சேர்ப்பு அலுவலகம் எனக்காக மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்ததாம். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஹவில்தாருக்குப் பணிக்காலம் 24 ஆண்டு. தகுதியும் விருப்பமும் இருந்தால் மேலும் 2 ஆண்டு நீட்டிப்பு. நான் நீட்டிப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன். என் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விடுவிப்புக்கான காரணமாக ராணுவ விதி 13(3), இனம் III(i) குறிக்கப்பட்டிருக்கிறது: சேரும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை நிறைவேற்றியதால். அதாவது 24 ஆண்டு முடித்துவிட்டாய் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய அதே கோப்பு, இப்போது நீ 24 ஆண்டு முடிக்கவில்லை என்கிறது.

இவ்வளவு வெளிப்படையான பிழையை ஒரு கடிதத்தில் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருகிறவர் நான்கு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து கொடுத்தார். பனிமலையில் நான் நின்றது, தேசத்துக்கு இளமையைக் கொடுத்தது, அதிகாரிகளின் கருணையை நாடுவது எல்லாம் அதில் இருந்தன. தேதி மூன்றாம் பக்கத்தில் எங்கோ இருந்தது. நல்ல வேளையாக அதை அனுப்புவதற்கு முன் எங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவரைப் பார்த்தேன். பணிக்காலம் முழுக்க எழுத்தராக இருந்தவர். மனுவைப் படித்து முடிக்கவில்லை, திருப்பித் தந்துவிட்டார்.

"தம்பி, அங்கே உட்கார்ந்திருக்கிற பையனுக்கு உன் மேல் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அவன் முன்னால் ஒரு தாள் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதுகிறான். அந்தத் தாள் எது என்று கண்டுபிடி."

"சாப், தப்பு கண்ணுக்கு முன்னாலேயே தெரிகிறதே."

"உனக்குத் தெரிகிறது. பார்ட் டூ ஆர்டர் நம்பர் என்ன, சொல்."

எனக்குத் தெரியாது. எந்த ஜவானுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். ராணுவ யூனிட்டுகளில் தினசரி ஆணைகள் இரண்டு வகை. பார்ட் ஒன் என்பது அன்றாட வேலை: யார் காவல், எங்கே பரேடு. பார்ட் டூ என்பது ஒருவனின் சம்பளத்தையும் பணி வரலாற்றையும் தொடுகிற எல்லாம்: சேர்ந்தது, விடுப்பு, திருமணம், குழந்தை, பதவி உயர்வு. அந்த ஆணை எண்ணோடு ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கும் சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கும் போகிறது. அங்கே ஷீட் ரோல் எனப்படும் பணிப்பதிவேட்டில் ஏறுகிறது. நீ எந்தத் தேதியில் பதவி உயர்ந்தாய் என்பதற்கு உன் ஞாபகமோ கமாண்டிங் ஆபீசரின் வாய்ச்சொல்லோ, தேதி போட்ட புகைப்படமோ சாட்சி ஆகாது. பார்ட் டூ ஆர்டர் என்ன சொல்கிறதோ அதுதான் தேதி.

அன்று வீட்டுக்கு வந்து கையில் இருந்த தாள்களை வரிசையாகப் பரப்பினேன். டிஸ்சார்ஜ் புத்தகம், கையெழுத்தில்: 10 பிப்ரவரி. 2011-இல் வந்த முதல் பிபிஓ, அதாவது ஓய்வூதிய ஆணை: 10 பிப்ரவரி. அதற்குப் பின் வந்த கொரிஜெண்டம் பிபிஓ என்னும் திருத்த ஆணை: 2 அக்டோபர். வங்கி வழியாக வந்துகொண்டிருந்த ஓய்வூதியம் ஸ்பர்ஷ் கணினி அமைப்புக்கு மாறியபோது பதிவான விவரம்: 2 அக்டோபர். ஆக, ஸ்பர்ஷ் பிழையைப் படைக்கவில்லை. வந்ததை வாங்கி வைத்துக்கொண்டது. ஓய்வூதியர் முகாமில் எல்லோரும் கணினியைத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் திட்டாததற்கு இதுதான் காரணம்.

திருத்த ஆணை ஏன் வந்தது என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. எனக்கு எம்ஏசிபி கிடைத்தது விடுவிப்புக்குச் சில நாட்களே இருக்கும்போது. அதற்கான பார்ட் டூ ஆர்டர் வெளியாவதற்குள் ஓய்வூதியத் தாள்கள் போய்விட்டன. முதல் பிபிஓ எம்ஏசிபி இல்லாமல் வந்தது. பிறகு ரெக்கார்ட்ஸ் அலுவலகம் புதிதாக ஒரு எல்பிசி கம் டேட்டா ஷீட் தயாரித்து அனுப்பியது. கடைசிச் சம்பளம், பதவி, சேர்ந்த தேதி, தகுதிப் பணிக்காலம் (ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வரும் பணிக்காலம்) எல்லாம் அடங்கிய தாள் அது. ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம் பார்ப்பது அதை மட்டும்தான். எம்ஏசிபியை உள்ளே கொண்டுவந்த அந்தத் தாளே தேதியைக் கெடுத்திருக்க வேண்டும்.

சந்தேகம் மட்டும் போதாது, பிரதி வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். சுபேதார் சாப் சொன்னபடி, ஏன், எப்படி, யார் பொறுப்பு என்று ஒரு கேள்வியும் வைக்கவில்லை. அந்தச் சட்டம் இருக்கிற ஆவணத்தைத் தரச் சொல்லும். விளக்கம் தரச் சொல்லாது. ஷீட் ரோலில் சேர்ந்த தேதி உள்ள பக்கத்தின் சான்றிட்ட பிரதி, பணிச்சேர்க்கையையும் எம்ஏசிபியையும் அறிவித்த பார்ட் டூ ஆர்டர்களின் எண்ணும் நாளும், இரண்டு டேட்டா ஷீட்டுகளின் பிரதிகள். இவ்வளவுதான். பதில் 30 நாட்களுக்குள் வரவேண்டும். ஏறக்குறைய அப்படியே வந்தது. ஷீட் ரோல் பக்கம் இருந்தது, ஆணை எண்கள் இருந்தன. இரண்டாவது டேட்டா ஷீட் மட்டும் இல்லை. பிரிவு 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு செய்த பிறகு அதுவும் வந்தது. சேர்ந்த தேதிக் கட்டத்தில் 02-10-1987. பக்கத்தில் தகுதிப் பணிக்காலம் 23½ ஆண்டு.

அந்த அரை ஆண்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தகுதிப் பணிக்காலத்தை அரையாண்டு அரையாண்டாக எண்ணுவார்கள். மூன்று மாதமோ அதற்கு மேலோ மிச்சமிருந்தால் முழு அரையாண்டாக எடுத்துக்கொள்வார்கள். 1987 அக்டோபரிலிருந்து எண்ணினால் 23 ஆண்டு, நான்கு மாதம், சில நாள், ஆகவே 23½. ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்தின் அட்டவணைகளும் இதே அரையாண்டு வரிசைகளில்தான் இருக்கின்றன. 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த முதல் அட்டவணையில் தொடங்கி, ஒவ்வொரு திருத்தத்திலும் நான் ஒரு வரிசை மேலே, அதாவது குறைந்த பணிக்காலத்துக்கான வரிசையில், நின்றுகொண்டிருந்திருக்கிறேன். மாதத்துக்குப் பெரிய தொகை இல்லை என்பதால் கண்ணில் படவில்லை. உங்கள் தொகை சரியா என்று பார்க்க விரும்புகிறவர்கள் தொகையைப் பார்க்காதீர்கள், முதலில் வரிசையைப் பாருங்கள்.

இன்னொரு தேதியும் இடித்தது. ஹவில்தார் பதவி உயர்வு ஓரிடத்தில் 2003 ஆகஸ்ட் 1, மற்றோரிடத்தில் செப்டம்பர் 22. இதையும் மனுவில் சேர்த்துவிட என் கை துடித்தது. சுபேதார் சாப் பென்சிலால் அடித்தார். அது பிழை அல்ல. ஆணை வந்தபோது நான் 60 நாள் வருடாந்திர விடுப்பில் ஊரில் இருந்தேன். திரும்பிப் போய் மூன்றாவது பட்டையைத் தைத்துக்கொண்டது செப்டம்பரில். முதல் தேதி சீனியாரிட்டிக்கு, இரண்டாவது சம்பளத்துக்கு. பதவி உயர்வில் இப்படி இரண்டு தேதிகள் சட்டப்படியே இருக்கலாம். அதையும் பிழை என்று எழுதினால், அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள் என்றார். நாற்பது ஆண்டு கோப்புகளோடு வாழ்ந்தவரின் கணிப்பு, நான் வாதாடவில்லை.

புதிய மனு ஒரே பக்கம். மேலே சர்வீஸ் எண், பதவி, பெயர், பிபிஓ எண். நடுவில் நான்கு ஆவணங்களும் அவற்றில் உள்ள தேதியும். கீழே இரண்டே கோரிக்கைகள்: சரியான தேதியோடு திருத்திய டேட்டா ஷீட் அனுப்பி கொரிஜெண்டம் பிபிஓ பெற்றுத் தரவேண்டும், அதுவரை பிடித்தம் செய்யக் கூடாது. இரண்டாவது கோரிக்கைக்குத் துணையாக, ஓய்வு பெற்றவர்களிடமிருந்து மிகைத் தொகையைத் திரும்பப் பிடிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2014-இல் ரஃபீக் மசீஹ் வழக்கில் வகுத்த வரம்புகளை ஒரு வரியில் சுட்டினோம். அனுப்பியது ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு. நகல் கணக்கு அலுவலகத்துக்கு. ஸ்பர்ஷ் தளத்திலும் புகார் பதிந்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஆனால் முகவரி, வங்கிக் கணக்கு போல இதை நாமே அங்கே மாற்றிவிட முடியாது. பணித் தேதி ரெக்கார்ட்ஸ் அலுவலகம் வழியாகத்தான் நகரும்.

வந்த முதல் பதில் இரண்டு வரி. பணியிலிருந்து விடுபட்ட பின் ஆவணங்களில் உள்ள தேதியை மாற்ற விதியில் இடமில்லை. பிறந்த தேதியை மாற்றக் கேட்பவர்களுக்கு எழுதும் பதில் இது; தேதி என்ற சொல்லைப் பார்த்ததும் அச்சில் இருந்த தாளை எடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. சுபேதார் சாப் மட்டும் சிரித்துக்கொண்டே பதில் எழுதச் சொன்னார்: நான் எந்த ஆவணத்தையும் மாற்றக் கேட்கவில்லை, ஷீட் ரோலில் இருப்பதை டேட்டா ஷீட்டில் பார்த்து எழுதக் கேட்கிறேன். உங்கள் அலுவலகமே சான்றிட்டுத் தந்த பிரதி இணைப்பில் உள்ளது. இந்தக் கடிதத்துக்குப் பிறகு கோப்பு நகர்ந்தது.

நகராமல் இருந்திருந்தால் அடுத்த படி சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. துறைக்குள் இருக்கும் வழிகளைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போகவேண்டும். இறுதிப் பதில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாத அவகாசம். ஓய்வூதியக் குறை ஒவ்வொரு மாதமும் தொடர்கிற குறை என்பதால் காலதாமதமாகப் போனாலும் கேட்பார்கள். ஆனால் 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நிலுவை பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேல் பின்னால் போகாது. பணியில் இருக்கும்போதே தேதி தவறு என்று தெரிந்தால், ராணுவச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி மேலதிகாரிகளிடம் முறையிடலாம். பதவி உயர்வுத் தேதி என்றால் அதை அப்போதே செய்துவிடுவது நல்லது. சீனியாரிட்டிப் பட்டியலில் பின்னால் இருந்தவன் முன்னால் போய் நாயப் சுபேதாராகிவிட்ட பிறகு, தாளில் தேதியைத் திருத்துவதால் என்ன கிடைக்கும்?

திருத்திய டேட்டா ஷீட் போய், புதிய கொரிஜெண்டம் பிபிஓ வந்தது. 10 பிப்ரவரி 1987, தகுதிப் பணிக்காலம் 24 ஆண்டு. பிடித்தம் பற்றிய கடிதம் திரும்பப் பெறப்பட்டது. ஒரு வரிசை மேலே இருந்ததற்கான நிலுவை அடுத்த மாத ஓய்வூதியத்தோடு சேர்ந்து வந்தது.

இதோடு நிற்கவில்லை. நாளும் மாதமும் இடம் மாறும் பிழை எல்லோருக்கும் வராது. 13-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ சேர்ந்தவனுக்குக் கணினியே மறுத்துவிடும். பதின்மூன்றாம் மாதம் கிடையாதே. 12-க்குள் சேர்ந்தவர்களுக்குத்தான் ஆபத்து. என்னோடு அதே நாளில் கையெழுத்துப் போட்டவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதி, எம்ஏசிபிக்காகப் பின்னால் டேட்டா ஷீட் போனவர்கள் ஸ்பர்ஷில் சேர்ந்த தேதியைப் பாருங்கள் என்றேன். சிலருக்கு அதே அக்டோபர் வந்திருந்தது. அதில் ஒருவர் உயிரோடு இல்லை; கணவரின் பணிக்காலம் குறைத்துக் காட்டப்பட்டிருப்பது அவர் மனைவிக்குத் தெரியாது, குடும்ப ஓய்வூதியமாக வந்ததை வாங்கிக்கொண்டிருந்தார். டிஸ்சார்ஜ் புத்தகமும் கைவசம் இல்லை என்றார் அந்த அண்ணி. ஆகவே அவர் பெயரில் தகவல் உரிமை விண்ணப்பத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். ஷீட் ரோல் பிரதி வந்துவிட்டது. டேட்டா ஷீட்டுக்கு முதல் மேல்முறையீடு போயிருக்கிறது.