தேர்வு மூச்சடக்குபவருக்கு மட்டுமல்ல: குளத்தில் காவல் நிற்பவர் படிக்க வேண்டியவை

ஃப்ரீடைவிங், அதாவது காற்று உருளை இல்லாமல் மூச்சடக்கி நீருக்குள் போகும் விளையாட்டின், தொடக்கநிலைப் படிப்புக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை நிமிடம் மூச்சடக்க முடிகிறது, எத்தனை மீட்டர் போக முடிகிறது என்றுதான் கணக்குப் பார்க்கிறார்கள். அவை பயிற்சியில் தானாக வந்துவிடும். ஆட்கள் தடுமாறுவது, அடுத்தவர் மூச்சடக்கும்போது பக்கத்தில் காவல் நிற்கும் பகுதியில்தான். மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, மூச்சடக்கியவர் தலையைத் தூக்கி முதல் மூச்சு இழுத்ததுமே "முடிந்தது" என்று காவலாளி கண்ணை எடுத்துவிடுவது.

முதலில் எழுத்துத் தேர்வு. "மூச்சடக்கும் முன் ஏன் வேக வேகமாக மூச்சு விடக் கூடாது?" என்ற கேள்வி எப்படியும் வரும். வேகமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் கூடும் என்று நினைத்துக்கொண்டு போனால் பதில் தவறும். நலமாக உள்ளவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும், அதில் பெரிதாக ஏற்ற இடமில்லை. வேக மூச்சால் குறைவது கார்பன் டை ஆக்சைடு. "மூச்சு விடு, மூச்சு விடு" என்று உடலை நெருக்குவது அந்த வாயுதான். அதைக் கழித்துவிட்டால் நெருக்கல் தாமதமாகும், ஆக்சிஜன் மட்டும் வழக்கம்போலக் குறைந்துகொண்டே போகும். அதனால் எந்த வேதனையும் தெரியாமலே நினைவு தப்பிவிடும். மூச்சு முட்டாமல் சுகமாக இருப்பது பாதுகாப்புக்கு அடையாளமல்ல என்பதை எழுதினால் பதில் முழுமை பெறும்.

இனி ஸ்டேட்டிக், அதாவது அசையாமல் குப்புற மிதப்பது. இடுப்பளவு தண்ணீரில், குளத்தின் ஓரத்தில் செய்யுங்கள். காவலாளி அவருடைய தோளுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். கடிகாரம் காவலாளியின் பொறுப்பு. தொடங்கும் முன்பே சைகையை வாயால் பேசி முடிவு செய்யுங்கள்: தோளை இருமுறை தட்டினால் அவர் ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். இலக்கு 2 நிமிடம் 30 வினாடி என்றால், 1:30-இல் முதல் தட்டு, 2:00-இல் இரண்டாவது, அதன்பின் 15 வினாடிக்கு ஒருமுறை. விரல் எழவில்லையா, உடனே இன்னொரு முறை தட்டுங்கள். அப்போதும் இல்லையென்றால் தூக்கிவிடுங்கள். "ஒருவேளை ஆழ்ந்த அமைதியில் இருப்பாரோ" என்று யோசிக்க அங்கே நேரமில்லை. தேவையில்லாமல் தூக்கியதற்காக எந்த நல்ல பயிற்சியாளரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்.

விரல் எழுவதை மட்டும் பார்த்தால் போதாது, அது எப்படி எழுகிறது என்றும் பாருங்கள். தெளிவாக உயர்ந்து இறங்கும் விரல் வேறு, தட்டிய பிறகு தாமதித்து நடுங்கிக்கொண்டே பாதியில் நிற்கும் விரல் வேறு. இரண்டாவதைக் கண்டால் இலக்கை மறந்து எழுப்பிவிடுங்கள். வயிறு துடிப்பது இயல்புதான், அது உதரவிதானம் இழுப்பது. ஆனால் வாயிலிருந்து திடீரெனக் குமிழிகள் வெளியேறுவது இயல்பல்ல.

டைனமிக்கில், அதாவது நீருக்கடியில் நீந்திக் கடக்கும்போது, கரையோரமாக நடந்தபடி பார்ப்பதைக் காவலாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒளி மின்னும் நீர்ப்பரப்பு உள்ளே நடப்பதை மறைத்துவிடும், குதித்து நீந்திச் சேரும் வினாடிகளும் வீண். மாஸ்க்கும் ஸ்னார்க்கலும் (முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சு விட உதவும் குழாய்) அணிந்து, முகத்தை நீருக்குள் வைத்து, அவருக்கு நேர் மேலே சற்றே பின்னால் நீந்துங்கள். அவர் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) போட்டிருந்தால் உங்களுக்கும் ஃபின் வேண்டும். கையில் ஒரு மிதவை இருக்கட்டும். குளத்தின் தரையை நீங்கள் மூழ்கித் தொட முடியாத ஆழத்தில் காவலை ஏற்காதீர்கள். ஒரே சீராக இருந்த உதைப்பு திடீரென வேகமெடுப்பது, தலை நிமிர்வது, நேர்கோட்டிலிருந்து விலகுவது, சறுக்கும் நேரம் நீண்டு அப்படியே நின்றுவிடுவது, இவையெல்லாம் மயக்கத்துக்கு முந்தைய அடையாளங்கள். சுவரில் திரும்பும் இடத்தில்தான் பலர் பார்வையைத் தவறவிடுகிறார்கள். அவருக்கு முன்பே திரும்பத் தயாராக இருங்கள்.

மேலே வந்த பிறகான 30 வினாடிதான் இந்தப் பாடத்தின் உயிர். புதிதாக இழுத்த காற்றின் ஆக்சிஜன் நுரையீரலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரச் சில வினாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் செறிவு இன்னும் இறங்குகிறது. அதனால்தான் சிரித்தபடி எழுந்தவர்கூட பத்து வினாடி கழித்துச் சாய்கிறார். ஐடா என்ற சர்வதேச ஃப்ரீடைவிங் அமைப்பின் போட்டிகளில் முகத்தில் இருப்பதைக் கழற்றி, ஓகே சைகை காட்டி, "ஐ ஆம் ஓகே" என்று சொல்ல 15 வினாடி தருகிறார்கள். அதைச் செய்து முடித்தாலும் நீங்கள் பார்வையை எடுக்காதீர்கள். உதடு நீலம் பாரிக்கிறதா, கண் வெறிக்கிறதா, தலை ஆடுகிறதா என்று பாருங்கள். தலையும் கையும் கட்டுப்பாடின்றி நடுங்கினால் அது சாம்பா. கைகளுக்கு அடியில் தாங்கி, வாயும் மூக்கும் நீருக்கு மேலேயே இருக்கப் பிடித்துக்கொண்டு, "மூச்சு இழு" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். அவரும் சுவரைப் பிடித்தபடி வேகமாக உள்ளிழுத்து, ஒரு கணம் நிறுத்தி, பாதி மட்டும் விட்டு மறுபடி இழுக்க வேண்டும். முழுதாக ஊதி வெளியேற்றுவது எழுந்ததும் செய்யக் கூடாத முதல் காரியம்.

மயங்கிவிட்டால்: ஒரு கை தாடையின் கீழ், மறு கை பிடரியில். நீருக்கடியிலேயே வாயை மூடிப் பிடித்து மேலே கொண்டுவந்து மல்லாக்கத் திருப்புங்கள். மாஸ்க்கையும் மூக்குக் கிளிப்பையும் அகற்றுங்கள். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஊதுங்கள், தட்டுங்கள், பெயர் சொல்லி "மூச்சு விடு" என்று உரக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சில வினாடிகளிலேயே மூச்சு திரும்பிவிடும். பத்து வினாடிக்குள் வராவிட்டால் தலையைச் சாய்த்து, மூக்கை அடைத்து, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் கரையேற்றி, அவசர உதவியை அழைக்கச் சொல்லிவிட்டு சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுக்கும் முதலுதவி) தொடங்குங்கள்: 30 அழுத்தம், 2 மூச்சு. நீரில் மூழ்கியவருக்கு மூச்சு கொடுப்பதைத் தவிர்த்துவிட்டு நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதாது. இந்த வரிசையை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு பயிற்சி நாளிலும் இருவரும் மாறி மாறி இரண்டு முறையாவது நடித்துப் பாருங்கள். கை தானாகப் போக வேண்டும்.

ஒருவர் கீழே, ஒருவர் மேலே, இருவரும் ஒரே நேரத்தில் மூச்சடக்கக் கூடாது. லைஃப்கார்டிடம் முன்பே சொல்லிவையுங்கள், ஆனால் அவரைத் துணையாகக் கணக்கிடாதீர்கள், அவர் குளம் முழுவதையும் பார்க்க வேண்டியவர். இரண்டு முயற்சிகளுக்கு நடுவே, மூச்சடக்கிய நேரத்தைப் போல இரு மடங்காவது ஓய்வு வேண்டும்.

சாம்பாவோ மயக்கமோ வந்தவருக்கு அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது, "இப்போது நன்றாக இருக்கிறேன்" என்று அவரே சொன்னாலும். அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இருமல் நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, சளியில் நுரையோ ரத்தமோ தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் நினைவு தப்பியிருந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்ல, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.