தலையில அடிபட்ட பிள்ளை எப்ப திரும்ப ஓடலாம்?

உதைபந்தாட்டத்தில தலை மோதித் தலைசுத்தினால், அண்டைக்குத் திரும்ப இறக்கவே கூடாது. அதுக்காகக் கிழமைக்கணக்கில இருட்டறையில படுக்க வைக்கவும் வேண்டாம். 24–48 மணித்தியாலம் ஆறுதல், ஃபோனும் குறைவு. பிறகு நடை.

நடக்கேக்க இடையில மணிக்கட்டில ரெண்டு விரல் வைச்சு 15 செக்கன் நாடித்துடிப்பை எண்ணுங்கோ, எவ்வளவு வேகமா நடக்கலாம் எண்டு அது சொல்லும். 16 வயசுப் பிள்ளைக்கு 28 துடிப்போட தொடங்கி, சுகமெண்டால் நாள்போக்கில 36 வரை போகலாம். தலையிடி 10க்கு எத்தினை எண்டு முதலே கேட்டு வையுங்கோ. 2 புள்ளிக்கு மேல ஏறினால் அண்டைக்கு நிப்பாட்டுங்கோ, அடுத்த நாள் பாக்கலாம்.

வன்னி வெயிலில பத்து மணிக்கு ஓடவிட்டால், தலையிடி வெக்கையாலயோ அடியாலயோ எண்டு பிரிக்கேலாது. விடிய ஆறு மணிதான் நல்லம்.

பந்தைத் தலையால அடிக்கிறது வைத்தியர் சரி சொன்ன பிறகுதான். திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போற தலையிடி, எழுப்பேலாத நித்திரை எண்டால் உடன ஆஸ்பத்திரி.