பொன்வண்டின் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி

மழை ஓய்ந்த மறுநாள் காலை, வேலூரை அடுத்த அமிர்திக் காட்டோரம் ஒரு வேலமரத்தில் பொன்வண்டு ஒன்று இலையை மென்றுகொண்டிருந்தது. ஃபிளாஷுடன் எடுத்த முதல் படத்தில், அதன் பச்சை முதுகின் நடுவே சுண்ணாம்பு தெறித்ததுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அவ்விடத்து நுண்குழிகளில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

ஃபிளாஷின் திறனைக் குறைத்தால் போதும் என்றே நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். ஆனால் அப்படிச் செய்தால், புள்ளி மறைவதற்கு முன்பே கால்களும் வயிற்றுப்பகுதியும் இருளில் மூழ்கிவிடுகின்றன. வழவழப்பான ஓட்டில் தெரியும் அந்தப் புள்ளி ஒளிமூலத்தின் பிம்பமே என்பதால், மூலத்தின் பரப்பைப் பெரிதாக்கி, அதைப் பூச்சிக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதே வழி. அப்போது அதே ஒளி அகன்று பரவி, பளிச்சீடு தணிந்து, அதனடியில் இருக்கும் நிறம் வெளிப்படுகிறது.

நான் டிரேசிங் தாளை வளைத்து, லென்ஸ் முனையைத் தாண்டி நீளுமாறு கட்டியிருந்தேன். தாளை ஃபிளாஷோடு ஒட்டி வைத்தால் நடுப்பகுதி மட்டுமே ஒளிரும். ஆகவே இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டேன். இதற்கு விலையும் உண்டு. 1:1 உருப்பெருக்கத்தில், அதாவது பூச்சி தன் உண்மை அளவிலேயே சென்சாரில் பதியும்போது, எஃப்/11 என்ற லென்ஸ் துளை ஏறத்தாழ அதைவிடச் சிறிய எஃப்/22 துளையின் அளவுக்கே ஒளியை விடும். தாளும் தன் பங்குக்கு விழுங்கும். ஃபிளாஷை முழுத்திறனில் 1/16-லிருந்து 1/4-க்கு உயர்த்த நேர்ந்ததால், ஒவ்வொரு படத்திற்கும் பிறகு அது மீண்டும் மின்னேறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லாப் பக்கமும் சமமாக மென்மையாக்கினால் குழிகளின் நிழல் அழிந்து முதுகு தட்டையாகிவிடுமென்று, தாளைச் சற்றே இடப்புறம் சாய்த்தேன். ஏழாவது படத்தில் குழிகள் தெரிந்தன. எட்டாவதற்குப் பொன்வண்டு காத்திருக்கவில்லை.